திரையில் 25, மாடலில் 24.997: கேட் அளவுகள் முரண்படும்போது எங்கே தேடுவது

கேட் (கணினியில் வரைபடமும் வடிவமும் உருவாக்கும்) மென்பொருளில் ஒவ்வொரு அளவும் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று மாடலுக்குள் சேமித்து வைத்த எண். அது பெரும்பாலும் 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக இருக்கும். 15 இலக்கம் வரை நம்பலாம். இன்னொன்று டைமன்ஷனாகத் தாளில் எழுதிக் காட்டும் எண். அது எத்தனை தசம இடம் காட்ட வேண்டும், எதற்கு ரவுண்ட் செய்ய வேண்டும், பூஜ்யத்தை விடலாமா கூடாதா என்று பல அமைப்புகளைத் தாண்டி வந்த எண். "அளவு தப்பாக் காட்டுது" என்று யார் சொன்னாலும், இந்த இரண்டில் எது தப்பு என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. காட்டும் எண்தான் பிரச்சினை என்றால் மாடலைத் தொடவே தேவையில்லை. மாடலே கோணலாக இருந்தால், டைமன்ஷன் ஸ்டைலை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. கோணலை மறைத்ததுதான் மிச்சம்.

## எல்லாவற்றுக்கும் முன் ஒரு சோதனை

தசம இடங்களை அந்த மென்பொருள் அனுமதிக்கும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, சந்தேகப்படும் அளவை மறுபடி பாருங்கள்.

ஆட்டோகேடில் யூனிட்ஸ் கமாண்டைத் திறந்து பிரிசிஷனை 8 இடத்துக்கு வையுங்கள். இங்கே பலர் சறுக்குவார்கள்: யூனிட்ஸில் மாற்றிவிட்டு, தாளில் இருக்கும் டைமன்ஷன் அப்படியே நிற்பதைப் பார்த்து "மாறவே இல்லையே" என்பார்கள். யூனிட்ஸ் மாற்றுவது லூப்ரெக் என்ற மாறியை. அது ப்ராப்பர்ட்டீஸ் பேலட், லிஸ்ட், ஆயங்கள் போன்றவற்றுக்கு மட்டும்தான். டைமன்ஷனுக்கு டிம்டெக் என்ற மாறி தனி. ஆகவே கோட்டையே தேர்ந்தெடுத்து பேலட்டில் நீளத்தைப் படியுங்கள், டைமன்ஷனை நம்பாதீர்கள். சாலிட்வொர்க்ஸில் டாக்குமெண்ட் ப்ராப்பர்ட்டீஸில் யூனிட்ஸ் இருக்கிறது. மெஷர் கருவிக்கு அதற்கென்று தனி யூனிட், பிரிசிஷன் அமைப்பு உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள். ஃப்ரீகேடில் விருப்பங்களில் யூனிட்ஸ் பக்கம் போனால் தசம இடம் 2 என்று இருக்கும். ஸ்கெட்ச்அப்பில் மாடல் இன்ஃபோ, யூனிட்ஸ். ஸ்கெட்ச்அப் ஓர் உபகாரமும் செய்கிறது: காட்டும் எண் உண்மையான நீளத்துக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் எண்ணுக்கு முன்னால் ஓர் அலைக்குறி போடும். அலைக்குறி தெரிந்தால் ரவுண்ட் செய்த எண்ணைப் பார்க்கிறீர்கள் என்று பொருள்.

இப்போது எண்ணின் வாலைப் படிக்க வேண்டும். நோய் எங்கே என்று அந்த வாலே சொல்லிவிடும்.

25.00000000 என்று பூஜ்யமாகவே வந்தால் மாடல் சுத்தம். காட்டும் அமைப்புதான் குற்றவாளி.

24.99999999 அல்லது 25.00000001 வந்தால் அது கணக்கின் தூசு. இரண்டடிமானத்தில் 0.1 என்ற எண்ணையே முழுதாக எழுத முடியாது, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். அந்த வகைத் தூசுக்காக மாடலைத் திருத்தத் தேவையில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு, பின்னால் வருகிறது.

24.99713 போல மூன்றாம் நான்காம் இடத்திலேயே அலங்கோலமான இலக்கங்கள் வந்தால், யாரோ ஸ்னாப் (நுனியில் சரியாக ஒட்டவைக்கும் வசதி) இல்லாமல் வரைந்திருக்கிறார்கள், அல்லது கோணம் சாய்ந்திருக்கிறது, அல்லது வேறு கோப்பிலிருந்து வந்த வடிவம்.

635 வந்தால், அல்லது 0.984 வந்தால், கையில் இருக்கும் எண்ணை 25.4-ஆல் வகுத்தோ பெருக்கியோ பாருங்கள். அங்குலமும் மில்லிமீட்டரும் குழம்பியிருக்கின்றன.

## அறிகுறி: மாடலில் 12.3, தாளில் 12.50

12 என்று காட்டினால் எல்லோருக்கும் உடனே புரியும், தசம இடம் பூஜ்யத்தில் இருக்கிறது என்று. 12.50 ஆபத்தானது, ஏனென்றால் அது பார்ப்பதற்குத் துல்லியமான எண் மாதிரி இருக்கிறது.

ஆட்டோகேடின் டைமன்ஷன் ஸ்டைலில், பிரைமரி யூனிட்ஸ் பக்கத்தில், பிரிசிஷனுக்குச் சற்றுக் கீழே ரவுண்ட் ஆஃப் என்று ஒரு பெட்டி இருக்கும். டிம்ஆர்என்டி என்ற மாறி அதுதான். பிரிசிஷன், எத்தனை இலக்கம் எழுதுவது என்று தீர்மானிக்கிறது. ரவுண்ட் ஆஃப், எந்த எண்ணின் மடங்குக்கு இழுப்பது என்று தீர்மானிக்கிறது. ரவுண்ட் ஆஃப் 0.5, பிரிசிஷன் 2 இடம் என்று இருந்தால், 12.30 நீளமுள்ள கோடு 12.50 என்று பளிச்சென்று எழுதப்படும். கட்டடத் தளப்படத்துக்கு 5 மில்லிமீட்டருக்கு ரவுண்ட் செய்து வைத்த ஸ்டைலை ஒரு பாகத்தின் வரைபடத்துக்கு நகலெடுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும்: 12.3, 13.9, 16.2 மூன்றும் 10, 15, 15 என்று நிற்கும். அந்தப் பெட்டியில் 0 போட்டால் இழுப்பு நின்றுவிடும். கோண டைமன்ஷன்களை அது தொடுவதில்லை, ஆகவே கோணங்கள் சரியாக இருந்து நீளங்கள் மட்டும் சந்தேகத்துக்கு இடமாக வட்ட எண்ணாக வந்தால் முதலில் இங்கேதான் பாருங்கள்.

ரெவிட்டில் இரண்டு அடுக்கு இருக்கிறது. ப்ராஜெக்ட் யூனிட்ஸில் ஒரு ரவுண்டிங். ஒவ்வொரு டைமன்ஷன் டைப்புக்கும் தனி யூனிட் ஃபார்மேட். டைப்பில் ப்ராஜெக்ட் அமைப்பைப் பயன்படுத்து என்ற குறி நீக்கப்பட்டிருந்தால், மேலே எதை மாற்றினாலும் அந்த டைப் அசையாது. சாலிட்வொர்க்ஸில் அதே கதை: டாக்குமெண்ட் அமைப்பு ஒரு பக்கம், ஒவ்வொரு டைமன்ஷனிலும் டாலரன்ஸ் பிரிசிஷன் பகுதியில் தனியாகக் கொடுத்த தசம இடம் இன்னொரு பக்கம். தனியாகக் கொடுத்ததுதான் ஜெயிக்கும்.

## அறிகுறி: எல்லாம் சரி, ஒரே ஒரு டைமன்ஷன் மட்டும் அடம் பிடிக்கிறது

கோட்டை இழுத்து நீட்டிப் பாருங்கள். எண் மாறவில்லையா? கையால் தட்டிய எண் அது.

ஆட்டோகேடின் ப்ராப்பர்ட்டீஸ் பேலட்டில் மெஷர்மெண்ட் என்றும் டெக்ஸ்ட் ஓவர்ரைடு என்றும் இரண்டு வரி அடுத்தடுத்து இருக்கும். முதல் வரியில் உண்மையான அளவு, இரண்டாவதில் யாரோ எழுதியது. ஓவர்ரைடு வரியை வெறுமையாக்கினால் உண்மை வெளியே வரும். முன்னாலோ பின்னாலோ ஏதாவது வார்த்தை சேர்க்க வேண்டியிருந்தால், உண்மை எண் நிற்க வேண்டிய இடத்தில் சிறிது, பெரிது என்ற இரு கோண அடைப்புக் குறிகளைச் சேர்த்து எழுதினால் போதும். எண் உயிரோடு இருக்கும், மாடலோடு மாறும். ரெவிட் இந்த விஷயத்தில் கறார்: டைமன்ஷன் எண்ணுக்குப் பதிலாக வேறு எண்ணைத் தட்ட விடாது, வார்த்தைகளை மட்டும்தான் ஏற்கும். எல்லா மென்பொருளும் அப்படி இருந்திருந்தால் இந்தப் பகுதியே தேவைப்பட்டிருக்காது.

கோட்டை இழுத்தால் எண் மாறுகிறது, ஆனால் சரியாகப் பாதியாகவோ இரண்டு மடங்காகவோ இருக்கிறது என்றால் டிம்எல்ஃபேக். பெரிதாக்கிய டீட்டெயிலுக்காக 0.5 என்று வைத்த அளவுக் காரணி அது. அந்த டைமன்ஷனை நகலெடுத்து முழு அளவுப் படத்தில் ஒட்டியவர் அதையும் சேர்த்து ஒட்டியிருப்பார்.

இன்னும் நுணுக்கமான ஒன்று: டைமன்ஷன் 49.98 என்கிறது, கோட்டின் நீளம் 50 என்கிறது பேலட். ஓவர்ரைடு இல்லை, காரணியும் 1 தான். அப்படியானால் டைமன்ஷன் கோட்டைப் பிடித்திருக்கவில்லை, பக்கத்தில் ஏதோ ஒரு வெற்றிடத்தைப் பிடித்திருக்கிறது. டைமன்ஷனைச் சொடுக்கிவிட்டு அதன் நுனிப் பிடிகளை நெருங்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டின் நுனிக்கும் பிடிக்கும் நடுவே ஒரு மயிரிழை தெரியும். டிம்ரீஅசோசியேட் கமாண்டால் மறுபடி கோட்டோடு கட்டுங்கள். டிம்அசோக் 2 என்ற மதிப்பில் இருந்தால் புதிதாகப் போடும் டைமன்ஷன்கள் தாமாகவே கட்டிக்கொள்ளும்.

## அறிகுறி: சின்ன அளவுகளைக் கூட்டினால் மொத்தம் வரவில்லை

பட்டறைக்குப் போன வரைபடம் திரும்பி வருவதற்கு இதை விடப் பொதுவான காரணம் இருக்கிறதா என்று தெரியவில்லை. 100 மில்லிமீட்டரை ஆறு சம பாகமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 16.6666... மாடலில் அது சரியாகத்தான் இருக்கிறது. ஒரு தசம இடத்தில் தாளில் ஆறு முறை 16.7 என்று வரும். கூட்டினால் 100.2. மொத்த டைமன்ஷனோ 100 என்கிறது. தசமமே இல்லாமல் விட்டால் 17 ஆறு முறை, 102. இரண்டு இடம் விட்டால் 100.02. தசம இடத்தைக் கூட்டக் கூட்ட முரண்பாடு சுருங்கும், ஆனால் ஒழியாது. மென்பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது: ஒவ்வோர் அளவையும் தனித்தனியே ரவுண்ட் செய்தது. ரவுண்ட் செய்த எண்களின் கூட்டல், கூட்டலின் ரவுண்டுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை.

பிரச்சினை தாளை அமைத்த விதத்தில். பாகங்களைச் சங்கிலியாக, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று அளந்தால் ரவுண்டிங் பிழை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். ஆறு கண்ணியில் ஒரு தசம இடமென்றால் அதிகபட்சம் 6 பெருக்கல் 0.05, அதாவது 0.3 வரை போகலாம். ஒரே விளிம்பிலிருந்து அளந்தால் 16.7, 33.3, 50, 66.7, 83.3, 100 என்று வரும். எந்த எண்ணிலும் பிழை 0.05-ஐத் தாண்டாது, கடைசி எண் சரியாக 100. ஆட்டோகேடில் பேஸ்லைன் டைமன்ஷன், சாலிட்வொர்க்ஸிலும் மற்றவற்றிலும் ஆர்டினேட் டைமன்ஷன் இதற்காகவே இருக்கின்றன.

ரவுண்டிங்கோடு நிற்காமல் டாலரன்ஸையும் (அளவு எவ்வளவு விலகலாம் என்ற அனுமதியையும்) பாருங்கள், சங்கிலியின் குறை அங்கே இன்னும் பெரிது. ஐஎஸ்ஓ 2768 தரத்தின் எம் வகுப்பில் 6 முதல் 30 மில்லிமீட்டர் வரையிலான அளவுக்குக் கூட்டல் கழித்தல் 0.2, 30 முதல் 120 வரைக்கு 0.3. சங்கிலியில் ஆறு 16.7 போட்டால் மொத்தம் 1.2 வரை இரு பக்கமும் ஆடலாம் என்று அனுமதி கொடுத்தாயிற்று. அதே தாளில் மொத்தம் 100, ஆட்டம் 0.3 என்றும் எழுதியிருக்கிறோம். இரண்டில் எதைப் பட்டறைக்காரர் கேட்பது? சங்கிலியில் ஒரு கண்ணியையாவது அடைப்புக்குள் போட்டுத் துணை அளவாக்க வேண்டும், அல்லது மொத்தத்தை அப்படியாக்க வேண்டும். அடைப்புக்குள் இருக்கும் அளவு தகவலுக்கு மட்டும், அதற்கு டாலரன்ஸ் கிடையாது.

சம இடைவெளிதான் நோக்கம் என்றால், ஆறு எண்ணையும் எழுதாமல் "100-ஐ 6 சம பாகம்" என்று குறிப்பாகவே எழுதிவிடுவது என் விருப்பம். தெளிவாக இருக்கும், எந்த எண்ணும் பொய்யாகாது.

## அறிகுறி: 12.50 என்று வேண்டும், 12.5 என்றே நிற்கிறது

பின்னால் வரும் பூஜ்யத்தை மென்பொருள் வெட்டிவிடுகிறது. ஆட்டோகேடில் டிம்சின் என்ற மாறி இதை ஆள்கிறது: 4 என்றால் முன் பூஜ்யம் போகும், 8 என்றால் பின் பூஜ்யம் போகும், 12 என்றால் இரண்டும். மெட்ரிக் டெம்ப்ளேட்டில் வரும் ஐஎஸ்ஓ-25 ஸ்டைல் 8-ல் தான் இருக்கும். அதே ஸ்டைலில் தசமக் குறி புள்ளியாக இல்லாமல் காற்புள்ளியாக இருக்கும் என்பதையும் கவனியுங்கள். 1,250 என்று எழுதியிருப்பதை ஒருவர் ஒன்றேகால் என்று படிப்பார், இன்னொருவர் ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்று படிப்பார். டெசிமல் செபரேட்டர் பெட்டியில் புள்ளியை வைத்துவிட்டால் அந்தக் குழப்பம் முடிந்தது.

பூஜ்யம் அழகுக்காக அல்ல என்பதுதான் இங்கே விஷயம். தலைப்புக் கட்டத்தில் "ஒரு தசம இடம் என்றால் 0.5, இரண்டு என்றால் 0.1, மூன்று என்றால் 0.05" என்று தசம இடத்தை வைத்து டாலரன்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்குல வரைபடங்களில் பரவலாக உண்டு. அப்படிப்பட்ட தாளில் 12.50-ஐ 12.5 ஆக்கியது ஓர் எழுத்துப் பிழை அல்ல, டாலரன்ஸை ஐந்து மடங்கு தளர்த்தியது. எதிர்த் திசையிலும் ஆகும்: பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் மூன்று தசம இடத்துக்கு மாற்றினால், வெறும் மூடிக்குக் கூட 0.05-க்குள் வெட்டச் சொல்லியிருக்கிறோம். அதற்குப் பட்டறை கேட்கும் காசும் அப்படித்தான் இருக்கும்.

அமெரிக்கத் தரமான ஏஎஸ்எம்இ ஒய்14.5 இதை இரண்டாகப் பிரிக்கிறது. மில்லிமீட்டரில் பின் பூஜ்யம் போடுவதில்லை, ஒன்றுக்குக் குறைந்தால் முன் பூஜ்யம் கட்டாயம். அங்குலத்தில் முன் பூஜ்யம் இல்லை. ஆனால் டாலரன்ஸுக்கு எத்தனை தசம இடமோ அத்தனை அளவுக்கும் வேண்டும், தேவைப்பட்டால் பூஜ்யம் சேர்த்தே எழுத வேண்டும். ஐஎஸ்ஓ 2768-ல் டாலரன்ஸ் அளவின் நீளத்தைப் பொறுத்தது, தசம இடத்தைப் பொறுத்ததல்ல. அந்தத் தாளில் 12.5-ம் 12.50-ம் ஒன்றுதான். ஆகவே பூஜ்யத்தைத் தேடி ஸ்டைலுக்குள் போவதற்கு முன்னால் தலைப்புக் கட்டத்தைப் படியுங்கள்.

டாலரன்ஸ் எண்ணுக்குத் தனிப் பிரிசிஷன் இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். 0.015 என்று டாலரன்ஸ் கொடுத்து 0.02 என்று தாளில் வந்தால், ஆட்டோகேடில் டிம்டிடெக், சாலிட்வொர்க்ஸில் பிரிசிஷன் பெட்டிக்குக் கீழே இருக்கும் இரண்டாவது பெட்டி.

## அறிகுறி: மாடலே 24.997

இப்போது காட்டும் அமைப்பில் வேலை இல்லை, வடிவத்தில் வேலை.

முதலில் கோணத்தைச் சந்தேகப்படுங்கள். ஆட்டோகேடில் கோணத்தின் தசம இடம் இயல்பாகவே 0. அதாவது 89.6 பாகையாக இருந்தாலும் 90 என்றுதான் எழுதும். அரைப் பாகை வரை ஒளிந்துகொள்ளலாம். 3000 மில்லிமீட்டர் சுவரில் அரைப் பாகை என்றால் மறு நுனியில் 26 மில்லிமீட்டர் விலகல். இரண்டு தசம இடம் வைத்து 89.99 என்று தெரிந்தாலும் அலட்சியம் வேண்டாம்: அதே சுவரின் நுனியில் 0.52 மில்லிமீட்டர். கிடைக்கோடு என்று நினைத்த கோட்டைத் தேர்ந்தெடுத்து பேலட்டில் டெல்டா ஒய் என்ன என்று பாருங்கள். பூஜ்யத்தைத் தவிர வேறு எதுவாக இருந்தாலும் அது கிடைக்கோடு அல்ல. ரெவிட் இதை "அச்சிலிருந்து சற்று விலகியிருக்கிறது" என்ற எச்சரிக்கையாகவே சொல்லிவிடும். பலர் அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்வார்கள், பிறகு டைமன்ஷன் போட முடியவில்லை என்று தேடுவார்கள்.

அடுத்து ஸ்கெட்ச். சாலிட்வொர்க்ஸ், ஃப்யூஷன், ஃப்ரீகேட் போன்றவற்றில் கட்டுப்பாடு முழுமையாகாத ஸ்கெட்ச்சில் நுனிகள் கண்ணுக்குச் சரியாகத் தெரியும் இடத்தில் நிற்கும், சரியான இடத்தில் நிற்காது. 24.997-ஐப் பிடித்து இழுத்து 25 ஆக்குவது மருந்து அல்ல, இழுக்கும்போது 25.002 ஆகும். டைமன்ஷன் கொடுங்கள், கோயின்சிடென்ட் (இரு நுனிகளை ஒன்றாகக் கட்டும் கட்டுப்பாடு) கொடுங்கள், ஸ்கெட்ச் முழுவதும் கட்டுப்பாடு முழுமையானதைக் காட்டும் நிறத்துக்கு வரட்டும்.

ஸ்கெட்ச்அப்பில் லெங்த் ஸ்னாப்பிங் என்ற குறியை அணைத்துவிடுங்கள் என்பது என் கட்சி. அது ஒவ்வொரு கோட்டையும் காட்டும் துல்லியத்தின் மடங்குக்கு இழுக்கும். கேட்பதற்கு நல்லதாகத் தெரிகிறது. ஆனால் ஏற்கெனவே சாய்ந்திருக்கும் மாடலில், நுனியில் பிடிக்க வேண்டிய கோடு வட்ட எண் நீளத்தில் பிடித்து நுனிக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றுவிடும். தளம் மூடாது. சின்னப் பொருள்களில் தளம் உருவாகாததற்கு இன்னொரு காரணமும் அங்கே உண்டு: ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள், அதாவது சுமார் 0.025 மில்லிமீட்டருக்குள் இருக்கும் இரண்டு புள்ளியை அது ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். மாடலை ஆயிரம் மடங்கு பெருக்கி வேலை முடித்து, கடைசியில் சுருக்குவதுதான் வழக்கமான தப்பும் வழி.

பிறகு, திரையில் பார்த்ததைத் திரும்பத் தட்டும் பழக்கம். ஒரு பாகத்தை அளந்து 33.33 என்று பார்த்து, அடுத்த பாகத்தில் 33.33 என்று தட்டினால் 0.00333 அந்த இடத்திலேயே போய்விட்டது. மூன்று பாகம் சேர்ந்தால் 100-க்கு 0.01 குறைவு. இன்று பெரும்பாலான மென்பொருளில் டைமன்ஷன் பெட்டியில் கணக்கே எழுதலாம்: 100/3 என்று தட்டுங்கள். பெட்டி 33.33 என்று காட்டினாலும் உள்ளே முழு எண் இருக்கும். இன்னும் நல்லது, மொத்த நீளத்துக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரை மூன்றால் வகுப்பது.

## அறிகுறி: வேறு கோப்பிலிருந்து வந்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கிறது

விகிதத்தைக் கணக்கிடுங்கள். வந்த நீளத்தை இருக்க வேண்டிய நீளத்தால் வகுங்கள்.

25.4 அல்லது 0.03937 என்றால் விஷயம் வெளிப்படை. வடிவத்தை முக்கோணங்களாக எழுதும் எஸ்டிஎல் கோப்பில் யூனிட்டே கிடையாது, வெறும் எண்கள். திறக்கும் மென்பொருள்தான் ஊகிக்கிறது. ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பில் யூனிட்டைச் சொல்லும் இன்ஸ்யூனிட்ஸ் மாறி தப்பாக இருந்தாலும் பிளாக்கைச் செருகும்போது இப்படி ஆகும்.

0.999998 என்று வந்தால்தான் சுவாரஸ்யம். 250 மில்லிமீட்டர் பாகத்தில் அது 0.0005, யாரும் பார்க்கப் போவதில்லை. நில அளவை ஆயத்தில் 20,00,000 அடிக்கு 4 அடி விலகல். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. 1959-ல் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்று சரியாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முன் அமெரிக்காவில் ஒரு மீட்டர் 39.37 அங்குலம். அந்தப் பழைய கணக்கிலிருந்து வந்த சர்வே அடி, 1200-ஐ 3937-ஆல் வகுத்த மீட்டர், நில அளவையில் 2022 முடியும் வரை அதிகாரபூர்வமாக நீடித்தது. பழைய கோப்பை இன்றைய அடி என்று திறந்தால் இந்த விகிதம் வரும். மற்றொரு காரணம், மில்லிமீட்டரை அங்குலமாக்க யாரோ ஸ்கேல் கமாண்டில் 0.03937 என்று தட்டியது. 0.03937-ஐ 25.4-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக 0.999998. ஸ்கேல் செய்வதென்றால் 5/127 என்று தட்டுங்கள். பின்னத்தை ஆட்டோகேட் ஏற்கும், இலக்கம் வெட்டுப்படாது.

துளை மட்டும் சிறுத்து வந்தால் யூனிட்டைக் குறை சொல்ல வேண்டாம், எஸ்டிஎல்லின் முக்கோணங்களைப் பாருங்கள். 20 மில்லிமீட்டர் துளை 32 பட்டைகளாக எழுதப்பட்டால், எதிரெதிர்ப் பட்டைகளுக்கு நடுவே 19.904 தான் இருக்கும். இறுக்கமாகப் பொருந்த வேண்டிய தண்டு உள்ளே போகாது. ஏற்றுமதி செய்யும்போது நாண் விலகலை (வளைவுக்கும் பட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியை) குறைத்துக் கொடுங்கள்.

மூலப்புள்ளியிலிருந்து வெகு தொலைவில் வரைந்த மாடலில் கோடுகள் நடுங்கும், வட்டம் ரம்பப் பல் ஆகும், ஹாட்ச் விட்டுப்போகும். சேமித்த 64 பிட் எண் நலமாகத்தான் இருக்கும். படம் வரையும் பக்கமும் பைனரி எஸ்டிஎல்லும் 32 பிட்டில் வேலை செய்யும்போது ஏழு இலக்கம்தான் தாங்கும்: 40,00,000 மில்லிமீட்டர் தொலைவில், அதாவது 4 கிலோமீட்டரில், அடுத்தடுத்து எழுத முடிகிற இரண்டு எண்ணுக்கு நடுவே 0.25 மில்லிமீட்டர் இடைவெளி. மாடலை மூலத்துக்கு அருகில் கொண்டுவாருங்கள். எவ்வளவு நகர்த்தினோம் என்பதை முழு மீட்டரில் எழுதி வையுங்கள், பின்னத்தில் வேண்டாம்.

மென்பொருள்களுக்கு நடுவே வடிவத்தைக் கடத்தும் ஸ்டெப் கோப்பில் தளங்கள் ஒட்டாமல் விரிசலாக வந்தால் அது இரண்டு கெர்னல்களின் (வடிவக் கணக்கைச் செய்யும் உள் நிரல்களின்) இடைவெளி வரம்பு வித்தியாசம். பாராசாலிட் என்ற கெர்னல் மீட்டரில் கணக்கு வைத்து 0.00000001 மீட்டருக்குள் இருப்பதை ஒன்றாக எடுத்துக்கொள்ளும். மில்லிமீட்டரில் சொன்னால் 0.00001. அனுப்பிய மென்பொருள் 0.001 மில்லிமீட்டர் இடைவெளியை மூடியதாகவே கருதியிருந்தால், வாங்கியவருக்கு அது பள்ளம். சாலிட்வொர்க்ஸில் இம்போர்ட் டயக்னாஸ்டிக்ஸ் ஓட்டுங்கள். மிஞ்சியதற்கு நிட் சர்ஃபேஸில் கேப் கன்ட்ரோல். இடைவெளி வரம்பை ஒரேயடியாகத் தளர்த்தாதீர்கள், சின்ன ஃபில்லட்டுகளையும் (வளைத்த விளிம்புகளையும்) சேர்த்து விழுங்கிவிடும்.

## அறிகுறி: பேட்டர்னில் ஒரு துளை குறைகிறது

முன்னே சொன்ன விதிவிலக்கு இதுதான். நீளத்தை இடைவெளியால் வகுத்து முழு எண் பாகத்தை எடுத்துத் துளைகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும் சமன்பாடு: 300 மில்லிமீட்டர், 100 இடைவெளி, விடை 3. உள்ளே மீட்டரில் கணக்கு நடந்தால் அது 0.3 வகுத்தல் 0.1. மிதவைப் புள்ளியில் அதன் விடை 2.9999999999999996. முழு எண் பாகம் 2. எட்டு தசம இடத்தில் பார்த்தால் 3.00000000 என்றே தெரியும்; அதனால்தான் இந்தக் கோளாறு மண்டையை உடைக்கிறது. 250, 270, 280 எல்லாம் சரியாக வேலை செய்து 300-ல் மட்டும் உதைக்கும்.

முழு எண் பாகத்தை எடுப்பதற்கு முன்னால் 0.000001 போல ஒரு சிறு எண்ணைக் கூட்டிவிடுங்கள். இரண்டு அளவு சமமா என்று நேரடியாகக் கேட்கும் நிபந்தனைகளையும் மாற்றுங்கள்: வித்தியாசம் 0.0001-க்குக் குறைவா என்று கேளுங்கள்.

## அறிகுறி: ஒரு மென்பொருளில் 2.67, இன்னொன்றில் 2.68

2.675 என்று தட்டியிருப்பீர்கள். இரண்டடிமானத்தில் அது 2.67499999... என்றுதான் சேமிக்க முடியும். சேமித்ததை அப்படியே ரவுண்ட் செய்யும் நிரல் 2.67 தரும், முதலில் 15 இலக்கத்துக்குச் சுருக்கிவிட்டுப் பிறகு ரவுண்ட் செய்யும் நிரல் 2.68 தரும். சரியாக 5-ல் முடியும்போது மேலே ஏற்றுவதா, அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குப் போவதா என்பதிலும் வழக்கங்கள் வேறுபடும். வரைபடத்துக்கும் வெட்டுப் பட்டியலுக்கும் நடுவே கடைசி இலக்கம் ஒன்று மாறி நின்றால் பெரும்பாலும் இதுதான். இரண்டு இடத்திலும் தசமத்தை ஒன்று கூட்டிப் பாருங்கள், இரண்டிலும் 2.675 என்று வந்தால் மாடலை விட்டுவிட்டு, அந்த அளவுக்கு மூன்று தசம இடம் கொடுத்து அனுப்புங்கள்.